கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போறேன்

எல்லாருக்கும் வணக்கம்.

வர்ற வெள்ளிக்கிழமை விடியக்காலைல நாலு மணிக்கு நம்ம மண்டபம் ஊர்ல இருந்து சைக்கிள்ல கிளம்புறோம். பதினாலு பேர், அதுல பொம்பளைங்க மூணு பேர். மொத நாள் பரமக்குடி, மானாமதுரை வழியா மதுரை, ரெண்டாம் நாள் வத்தலக்குண்டு, மூணாம் நாள் மலையேறி கொடைக்கானல், நாலாம் நாள் பூம்பாறை வழியா மன்னவனூர். எப்படியும் 300 கிலோமீட்டருக்கு மேல வரும். போயிட்டு வந்து ஒரேயடியா நன்றி சொல்லிக்கலாம்னுதான் இருந்தேன், ஆனா மலை ஏறுறது ஒரு நாள் வேலை, என்னை ஏறுற அளவுக்குக் கொண்டு வந்தது ஏழு மாச வேலை, அந்த ஏழு மாசமும் எனக்காக முழிச்சவங்க, அலைஞ்சவங்க, காசு போட்டவங்க இத்தனை பேர் இருக்கும்போது சொல்லாமக் கிளம்ப மனசு வரல. அதான் இன்னிக்கு உக்காந்து எழுதுறேன். நீளமாப் போயிருச்சு, கொஞ்சம் பொறுத்துப் படிங்க.

தெரியாதவங்களுக்காக எதுக்கு இந்தப் பயணம்னு சொல்லிர்றேன். டயாலிசிஸுக்குப் போய் வர்ற நம்ம கடக்கரை ஊர்க்காரங்களுக்கு வண்டிக்காசு சேக்கத்தான். எங்கப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போயி ரெண்டு வருசம் வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் பண்ணோம், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். மிஷின்ல படுக்குறது காப்பீட்டுத் திட்டத்துல காசில்லாம முடிஞ்சிரும், ஆனா மண்டபத்துல இருந்து ராமநாதபுரம் போய் வர்ற காசு, கூடப் போற ஆளுக்கு அன்னிக்குப் போற கூலி, முடிச்சிட்டு வெளிய வந்தா பஸ்ல நிக்கத் தெம்பில்லாம ஆட்டோ புடிக்கிற காசு, இதெல்லாம் கைல இருந்துதான் போகும், மாசத்துக்கு 12, 13 தடவை. காசில்லன்னு ஒரு தடவை விட்டாக்கூட கால் வீங்கிரும், மூச்சு முட்டும், ஏன்னா ஒண்ணுக்குப் பிரியாத ஒடம்புல குடிச்ச தண்ணி பூரா உள்ளயே நிக்கும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான்னு சொல்லிட்டாங்க. காலமெல்லாம் கடல்ல கெடந்த மனுசன், கருவாட்டுக் கொழம்பு இல்லாம சோறு எறங்காது, அவருக்கு உப்பு கூடாது, இளநி கூடாது, வாழப்பழம்கூடக் கூடாது. எதுத்த வீட்டு லாத்தா அவங்க பிரிட்ஜ்ல ஒரு தட்டு ஐஸ் அப்பாவுக்குன்னே எப்பவும் வச்சிருப்பாங்க. சின்னத் துண்டா ஒடச்சு வாயில போட்டா அது கரையுற வரைக்கும் அப்பா கண்ண மூடிக்கிட்டு அசையாம இருப்பாரு. லாத்தா, மொத நன்றி ஒங்களுக்குத்தான். அந்த ஐஸுக்கு நான் அப்ப நன்றி சொல்லவே இல்ல.

அப்பா போயி மூணு வருசம் ஆச்சு.

நம்ம ஊர்ல மலை ஏது, மேடு ஏது. இங்க இருந்துக்கிட்டு கொடைக்கானலுக்கு எப்படிப் பழகுறதுன்னு கேட்டவங்க நெறையப் பேரு, நானும் அதத்தான் கேட்டேன். அதுக்கு பதில் சொன்னது பாம்பன்ல டீக்கடை வச்சிருக்க அண்ணாச்சி. "ஏத்தம்னா அந்தா நிக்கிது பாரு பாலம், அதுல ஏறி எறங்கு, மலைக்குப் பதிலா காத்து இருக்கு, வேற என்ன வேணும்"னாரு. 1988ல தொறந்த ரோட்டுப் பாலம் அது, ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல நீளம், அடியில படகு போகணும்னு நடுவுல ஒசத்திக் கட்டியிருப்பாங்க. மண்டபம் பக்கம் இருந்து ஏறி பாம்பன்ல எறங்கி, திரும்பி ஏறி, மறுபடி எறங்கி, மொதல்ல மூணு தடவை முடியல, மார்கழி கடைசில ஒரே காலைல பன்னெண்டு தடவை ஏறி எறங்குனேன். காத்த பத்தி சொல்லவே வேணாம், பழைய ரயில் பாலத்துல ரயில் ஓடிக்கிட்டு இருந்தப்ப காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தத் தாண்டுனா ரயிலயே நிப்பாட்டிருவாங்க, அதே கடலுக்கு மேலதான் நம்ம சைக்கிளும் போவுது. ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கிறப்ப தனுஷ்கோடி போறது தள்ளிவிட்ட மாதிரி சொகமாப் போயிரும், திரும்பி வர்றதுதான் உசுர் போகும். ஐப்பசிக்கு மேல வாடை வந்து வெலாவுல குத்தும், வண்டி தானா ரோட்டு நடுவுக்குப் போகும். காத்து எதுத்து அடிச்சா மல்லுக்கட்டாம கியரக் கொறைச்சு, கால் சுத்துறது மட்டும் நிக்காம ஒரே சீராப் போகணும்னு கத்துக்கிட்டதெல்லாம் அந்தப் பாலத்து மேலதான், மலைக்கும் அதே வித்தைதான்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. அண்ணாச்சி தெனமும் கடையத் தொறந்ததும் கடலப் பாத்துட்டு எனக்குப் போன் போடுவாரு, "இன்னிக்கு வேணாத்தா, தண்ணி வெள்ளையா நொரைச்சுக் கெடக்கு". ஏழு மாசத்துல எத்தன போன் அண்ணாச்சி, ஒரு நாள்கூட அலுத்துக்கிட்டதில்ல.

சைக்கிள் கடை பாய் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்குன கியர் சைக்கிள், வித்தவங்க நல்ல வண்டின்னுதான் குடுத்தாங்க, பாத்தா முன் ரிம் கோட்டம், பின்னாடி கியர் மாட்டுற கொக்கி வளஞ்சு கெடக்கு, சீட்டு வேற தாழ்வா இருந்து ஒரு மாசத்துல முட்டி முன்பக்கம் வலி எடுத்துருச்சு. மாடிப்படி ஏற முடியல, நெசமாவே விட்டுரலாம்னு இருந்தேன். பாய் அண்ணன் சுவத்துல சாச்சு என்னை உக்கார வச்சு, "குதிங்கால பெடல்ல வை தங்கச்சி, பெடல் கீழ போறப்ப கால் நேரா நிக்கணும்"னு சொல்லி சீட்ட ரெண்டு வெரக்கட ஒசத்துனாரு. பத்து நாள்ல வலி போயிருச்சு. ரிம்முல ஒவ்வொரு கம்பியாத் திருகி ஒரு சாயங்காலம் பூரா கோட்டம் எடுத்தாரு, காசு வாங்கல, கேட்டா "ஒங்கப்பா எனக்கு மீன் காசு வாங்குனதில்ல"ன்னு ஒரே வார்த்த.

பஞ்சருக்குக் கணக்கே இல்ல. நம்ம பக்கம் ரோட்டோரம் பூரா கருவ முள்ளு, தடி டயருன்னா அதுக்கென்ன, கிழிச்சுட்டு உள்ள போயிரும். ஒரே வாரத்துல அஞ்சு பஞ்சர் ஆச்சு, ஒட்டி ஒட்டி மாட்டுறேன், மறுநாள் காத்து எறங்கிருது. பாய் அண்ணன் டயரக் கழட்டி, டார்ச் எல்லாம் அடிக்கல, ஒரு துண்டுப் பஞ்ச எடுத்து டயருக்கு உள்பக்கமா மெதுவா தடவிக்கிட்டே போனாரு, ஒரு எடத்துல பஞ்சு இழை மாட்டி நின்னுச்சு, அங்க பாத்தா கண்ணுக்கே தெரியாத கறுப்பு நுனி, ஒடஞ்ச முள்ளு. அத நகவெட்டியால புடுங்கிட்டு, டியூப்ப உப்புத்தாள்ல தேச்சு, சொல்யூசன் தடவி, அது காயுற வரைக்கும் அவசரப்படாம வாயால ஊதாம வச்சிருந்து அப்புறம் பேட்ச் போடணும்னு என் கையாலயே பண்ண வச்சாரு. இப்ப என்னோட பையில பம்பு, லீவர், பேட்சோட ஒரு சுருட்டுப் பஞ்சும் இருக்கு. அப்புறம் ஒவ்வொரு தடவையும் தனுஷ்கோடி போயிட்டு வந்தா நல்ல தண்ணில வண்டியக் கழுவித் தொடச்சு செயினுக்கு எண்ணெ விடலைன்னா மூணே நாள்ல உப்பு தின்னுரும்னு சொன்னதும் அவருதான், தண்ணிக் கஷ்டத்துலயும் அரை வாளி எனக்காக ஒதுக்குனது எங்க அத்தை.

அத்தைன்னா என் மாமியார். வீட்டுக்காரரு குவைத்துல, பொண்ணு நாலாங்கிளாஸ். காலைல மூணரைக்கு எந்திரிச்சு எனக்கு முன்னாடி அடுப்பு பத்த வச்சு கேப்பக் கூழும், பொட்டலமா எள்ளுருண்டையும் கடலமிட்டாயும் எடுத்து வச்சு, பாப்பாவக் கெளப்பி, தல சீவி, பள்ளிக்கூடம் அனுப்புனது பூரா அத்தை. தெருவுல யாராவது "மருமக இருட்டுல எங்க போகுது"ன்னு கேட்டா "எங்க சம்பந்தி பேர்ல புண்ணியம் பண்ணப் போகுது"ன்னு சொல்லிருக்காங்க, எனக்கு இது ரொம்ப நாள் கழிச்சு வேற ஆள் சொல்லித்தான் தெரியும். இருட்டுல தனியாப் போகக் கூடாதுன்னு கொழுந்தன் அவரோட டிவிஎஸ் வண்டிய எடுத்துக்கிட்டு, பின்னாடியே லைட்டப் போட்டு, மணிக்கு பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல உச்சிப்புளி வரைக்கும், சில நாள் தேவிபட்டினம் வரைக்கும்கூட வந்திருக்காப்ல. தம்பி, நீ தூக்கம் கெட்டு வந்த ஒவ்வொரு காலையும் எனக்கு ஞாபகம் இருக்கு.

தனுஷ்கோடி அக்காவுக்கு இந்த மடல யாராவது படிச்சுக் காட்டுங்க. ஐப்பசில ஒரு நாள் அரிச்சல்முனை போயிட்டுத் திரும்பி வர்றேன், காத்துல மணல் வந்து தார் ரோட்டுல திட்டா ஏறியிருக்கு, வேகமா அதுல விட்டேன், முன் சக்கரம் சொருகி வெலாவோட விழுந்தேன். முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் வழண்டு போச்சு, பாட்டில்ல தண்ணியும் தீந்துருச்சு. சங்கு, பாசிமணி விக்கிற அக்கா ஓடி வந்து தூக்கி, இடிஞ்ச சர்ச்சு பக்கத்துல அவங்க குடிசைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனாங்க. கடல் அந்தா அலையடிக்குது, கூப்பிடு தூரம்கூட இல்ல, அங்கன மணல்ல ஒரு குழி. சிரட்டைய வச்சு ரெண்டு வழி வழிச்சு ஓரமா ஒதுக்குனாங்க, கலங்குன தண்ணி போயி மெல்ல ஊறி வந்துச்சு, கண்ணாடி மாதிரி. காயத்தக் கழுவி விட்டுட்டு, அடுத்த சிரட்டைய வாய்கிட்ட நீட்டுனாங்க. குடிச்சா துளி உப்பு இல்ல. 1964 புயலுக்கு அப்புறம் ஊரே இல்லாமப் போன எடத்துல இந்த ஊத்த நம்பித்தான் இன்னமும் ஆளுங்க இருக்காங்க, அந்தத் தண்ணிய எனக்கு வயிறு முட்டக் குடுத்தாங்க. நான் அழுதுட்டேன். காயத்துக்கு அழுகுறேன்னு அக்கா நெனச்சாங்க. அப்பாவோட அரை லிட்டர் ஞாபகம் வந்துருச்சுக்கா, அதான்.

கடல்ல முங்கி கடல்பாசி எடுக்கப் போற நம்ம அக்காமாருக்கும் ஒண்ணு சொல்லணும். ஏத்தத்துல எனக்கு மூச்சு எரைச்சு வாந்தி வர்ற மாதிரி ஆகும், அதச் சொன்னப்ப வெரல்ல துணி சுத்திக்கிட்டே ஒரு அக்கா சொன்னாங்க, "முங்குறப்ப பதறுனா மூச்சு போயிரும்த்தா, உள்ள இழுக்குறத விட வெளிய விடுறத நீட்டி விடு, தானா வரும்". சிறுமலைல எனக்குக் கை குடுத்தது அதுதான். போன மாசம் ஒரு மலையாவது பாத்துட்டுப் போகணும்னு ஆசப்பட்டப்ப மீன் வண்டி ஓட்டுற அண்ணன் திண்டுக்கல்லுக்கு லோடு போறப்ப ஐஸ் பெட்டிக்கு மேல சைக்கிளக் கட்டி, என்னையும் கொழுந்தனையும் முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. ஏழாவதுல எறங்கித் தள்ளிறலாம்னு தோணுச்சு, மூச்ச நீட்டி விட்டேன், எண்ணிக்கிட்டே ஏறுனேன், பதினெட்டும் எறங்காம ஏறிட்டேன். மேல போயி சிறுமலை வாழப்பழம் ரெண்டு வாங்கித் தின்னோம், டிரைவர் அண்ணன் அன்னிக்கு வாடகை நட்டத்தோட ரெண்டு மணி நேரம் கீழ காத்துக்கிட்டு இருந்தாரு.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபான்னு எழுதிக்குடுத்தவங்க, அஞ்சு ரூபான்னு எழுதிக்குடுத்தவங்க, எல்லாப் பேரும் நோட்டுல இருக்கு, கணக்கு ஜமாஅத் பெரியவரு ஒருத்தர், சர்ச்சு பெரியவரு ஒருத்தர், மீனவர் சங்கத்துப் பெரியவரு ஒருத்தர்னு மூணு பேர் கையெழுத்தோட இருக்கும், யார் வேணா வந்து பாக்கலாம். பாசி அக்காமாரு முந்தியில முடிஞ்சிருந்த காச எல்லாரும் அவுத்து ஒரே சும்மாட்டுத் துணியில கட்டிக் குடுத்தாங்க, அதுல பாதி சில்லற, ஈரமா இருந்துச்சு. அன்னிக்கு அவங்க பாசி எடுத்த காசே அவ்வளவுதான்னு எனக்குத் தெரியும். டயாலிசிஸ் வார்டுல அப்பாவப் பாத்துக்கிட்ட நர்ஸ் தங்கச்சி, யார் யாருக்கு வண்டிக்காசு இல்லாம நாள் தப்புதுன்னு அவங்கள்ட்ட கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எங்களுக்குச் சொன்னாங்க, அதனாலதான் இந்தப் பணம் யாருக்குப் போகணுமோ அவங்க கைக்கே போகப் போகுது. ஒங்களுக்குத் தனியா நன்றிம்மா.

யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கங்க, ராத்திரி பதினொண்ணு ஆச்சு, மூணரைக்கு எந்திரிக்கணும்.

வெள்ளிக்கிழமை நாங்க மேக்க போயிருவோம், பாலம் வழியில வராது. அதனால வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு தடவை ஏறி எறங்கிட்டு வரலாம்னு இருக்கேன், மெதுவாத்தான் போவேன், பாப்பாவும் அத்தையும் கொழுந்தன் வண்டில பின்னாடி வர்றாங்க, அண்ணாச்சி கடைல டீ குடிச்சிட்டுத் திரும்பிருவோம். அந்நேரம் அங்கிட்டு இருக்கவங்க வாங்க.