இரண்டு எபிசோடு பார்த்துவிட்டு எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'ஃபியர் த வாக்கிங் டெட்' தொடரைப் பற்றிக் கால் பக்கக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. 'த வாக்கிங் டெட்' என்ற மூலத் தொடரின் பெயரை வைத்துக் காசு பார்க்க எடுத்த கிளைத் தொடர் இது, முதல் சீசனில் செத்தும் எழுந்து நடமாடும் ஜாம்பியையே காணோம், அதற்கு மேல் பார்த்து யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று உங்கள் விமர்சகர் முடித்திருந்தார். அந்தக் கடைசி வரியை நாலைந்து தடவை படித்தேன். மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் சீசன் மொத்தமே ஆறு எபிசோடு. மெதுவாகத்தான் போகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் மெதுவாகப் போகிறது என்று அவர் யோசித்திருக்க வேண்டாமா? மூலத் தொடரில் கதாநாயகன் ரிக் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும்போது எல்லாமே முடிந்துபோயிருக்கும். அவர் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் ஓர் ஊர் எப்படிக் குலைந்தது என்பதைக் காட்டத்தான் 2015இல் லாஸ் ஏஞ்சலஸில் இந்தக் கதையைத் தொடங்கினார்கள். இது உங்களுக்குத் தெரியாததில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் குறைகிறார்கள். ஏதோ காய்ச்சல் என்கிறார்கள். கரண்ட் போகிறது. அப்புறம் ராணுவம் வந்து வேலி போட்டு, இனி பயமில்லை என்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். வகுப்பில் காலி பெஞ்சுகளைப் பார்க்கும் அந்தக் காட்சி எனக்கு எந்த ஜாம்பியையும்விடப் பயமாக இருந்தது.

முதல் காட்சியையாவது அவர் கவனித்தாரா? போதைக்கு அடிமையான நிக் என்ற பையன் பாழடைந்த சர்ச்சில் கண் விழிக்கிறான். ஒருத்தி இன்னொருவனைத் தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடி வருகிறான். அவன் சொல்வதை யாரும் நம்புவதில்லை. என் தம்பி குடிப்பவன். ஒரு மழை ராத்திரி தள்ளாடிக்கொண்டு வந்து, தெருமுனையில் கரண்ட் கம்பி அறுந்து கிடக்கிறது, யாரும் போகாதீர்கள் என்று கத்தினான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம். விடிந்து பார்த்தால் எதிர்வீட்டுப் பசுமாடு கம்பி பக்கத்தில் செத்துக் கிடந்தது. தம்பி அப்புறம் இரண்டு வருஷம்தான் இருந்தான். நிக் ஓடி வருவதைப் பார்த்ததும் நான் டிவியை நிறுத்திவிட்டு வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்படிப்பட்ட காட்சிக்கு உங்கள் இதழில் கிடைத்த மரியாதை "ஜாம்பியையே காணோம்".

நான் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. இரண்டாவது சீசனில் எல்லோரும் ஸ்ட்ராண்ட் என்பவரின் படகில் ஏறிக் கடலுக்குப் போனதும் எனக்கும் அலுத்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு கரை, ஒரு புது ஆபத்து, திரும்பவும் படகு. ஆறு மாதம் பார்க்காமல் விட்டிருந்தேன். முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது, பெங்களூரிலிருந்து வந்த மகன்தான் "இன்னும் கொஞ்சம் பாரும்மா, மெக்சிகோவுக்குப் போனதும் மாறும்" என்று வற்புறுத்தினான். மாறியது. குடும்பம் சிதறி, ஆளுக்கு ஒரு திசையில் தனியாக நிற்க வேண்டி வந்ததும் ஒவ்வொருவரின் நிஜ முகமும் தெரிய ஆரம்பித்தது. முடிதிருத்துபவராக வந்த டேனியல் சலசாரின் கை எல் சால்வடார் உள்நாட்டுப் போரில் என்னவெல்லாம் செய்தது என்று முதல் சீசனில் போட்டு வைத்த முடிச்சு எவ்வளவு தூரம் போகிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2017இல் வந்த மூன்றாவது சீசனைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பதினாறு எபிசோடில் ஜாம்பிகள் பின்னால் போய்விடுகிறார்கள், நிலமும் தண்ணீரும் முன்னால் வந்துவிடுகின்றன. ஆட்டோ குடும்பம் உலகம் அழியும் என்று நம்பி முன்கூட்டியே ஆயுதமும் சாப்பாடும் சேர்த்து வைத்துப் பண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மண் எங்கள் முன்னோருடையது என்று பூர்வகுடித் தலைவர் வாக்கர் வந்து நிற்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இரண்டு பக்கமும் ரத்தமும் இருக்கிறது. நிக்கின் அம்மா மாடிசன் தன் பிள்ளைகளுக்காக எதுவரை போவாள் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் பக்கம் மெக்சிகோவின் டிஹுவானாவில் ஓர் அணை. அணை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. வெளியே ஜனங்கள் கேனை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று அப்பா ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த வரிசையைப் பார்த்து எனக்கு எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்காவது சீசனில் பொறுப்பாளர்கள் மாறினார்கள். கதை டெக்சாஸுக்குப் போனது, மூலத் தொடரின் மார்கன் உள்ளே வந்தார். எனக்கு அதிலிருந்து ஈர்ப்பு குறைந்தது. 2023இல் எட்டாவது சீசனோடு முடிந்தது. நான்காவதிலிருந்து பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தால் சரி என்று ஒப்புக்கொண்டிருப்பேன். மூன்று சீசன் படிப்படியாக ஏறி வந்ததை முதல் படியிலேயே நின்றுகொண்டு எப்படிச் சொல்ல முடியும்?

இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தொடரின் விமர்சனத்தில் கதாநாயகியின் அப்பா சாவதை முதல் வரியிலேயே போட்டிருந்தீர்கள். அதைப் பற்றி எழுதிய என் கடிதம் வரவில்லை. நடிகர்களின் கல்யாணத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்குகிறீர்கள், தொடர்களுக்குக் கால் பக்கம்தான். அந்தக் கால் பக்கத்திலும் ஒரு வரியில் ஜாம்பி, அடுத்த வரியில் ஜோம்பி. நடைபிணம் என்று நம் மொழியில் இருக்கும் சொல் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தீபாவளி மலரில் ஜாம்பி கதைகளைப் பேய்ப் படங்கள் பட்டியலில் சேர்த்திருந்தீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். என் கல்யாணச் சீரோடு அப்பா உங்கள் இதழுக்கு ஒரு வருஷச் சந்தாவும் கட்டி அனுப்பினார். அன்றிலிருந்து ஓர் இதழ்கூட விட்டதில்லை. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

பெரிதாக எதுவும் வேண்டாம். தொடர் விமர்சனங்களின் கீழே, எழுதியவர் எத்தனை எபிசோடு பார்த்தார் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். இரண்டு என்றால் இரண்டு என்றே போடுங்கள், நான் குறை சொல்ல மாட்டேன். முடிந்தால் அந்த மூன்றாவது சீசனை யாராவது முழுதாகப் பார்த்து எழுதட்டும். யார் சாகிறார்கள் என்பதைச் சொல்லாமல் எழுதட்டும். நானும் இந்தக் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை, பார்த்திருப்பீர்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாமல் சுருக்க வேண்டியிருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். என் தம்பியைப் பற்றி எழுதியதை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.