‘கம்பெனி’யில் கைவைத்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலைநாட்டு இசை நாடகங்களை இப்போது மறுபடி மேடையேற்றும் விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்குவதும், ஆண்–பெண் காதலை ஆண்–ஆண் காதலாக்குவதும் செத்துப்போன ஆசிரியர்களுக்குச் செய்யும் துரோகம் என்று கட்டுரையாளர் கொதித்திருக்கிறார். கொதிக்கட்டும், அவர் உரிமை. ஆனால் முதல் சாட்சியாக ‘கம்பெனி’ நாடகத்தைக் கூண்டில் ஏற்றியிருக்கிறாரே, அந்தச் சாட்சி அவருக்கு எதிராகத்தான் பேசும்.

‘கம்பெனி’ 1970-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. பாட்டும் இசையும் ஸ்டீபன் சோண்ட்ஹைம், வசனம் ஜார்ஜ் ஃபர்த். பாபி என்ற பிரம்மசாரிக்கு முப்பத்தைந்தாவது பிறந்தநாள். சுற்றிலும் கல்யாணமான சிநேகிதர்கள், ஐந்து ஜோடி. மூன்று காதலிகள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். 2018-இல் லண்டன் கீல்குட் அரங்கில் இயக்குநர் மரியான் எலியட் பாபியைப் பெண்ணாக்கினார். காதலிகள் மூவரும் காதலர்களானார்கள். கல்யாணத்தன்று காலையில் பீதியடைந்து புலம்பும் ஏமி என்ற மணப்பெண், ஜேமி என்ற ஆணாக மாறினாள்.

அப்போது சோண்ட்ஹைம் உயிரோடு இருந்தார். எண்பத்தெட்டு வயது. யாரோ வந்து கேட்டதும் தலையாட்டிவிடும் ஆளும் இல்லை. 2013-இல் ஜான் டிஃபனி என்ற இயக்குநர் பாபியைத் தன்பாலீர்ப்புள்ள ஆணாக வைத்து நியூயார்க்கில் ஒரு வாசிப்பு நடத்திப் பார்த்தார். அது மேடைக்கு வரவில்லை. எலியட்டும் முதலில் பயிலரங்கம் நடத்தி, அதைப் படம்பிடித்து அனுப்பித்தான் கிழவரைச் சம்மதிக்க வைத்தார். சம்மதித்த பிறகு பாட்டு வரிகளை மாற்றிக் கொடுத்தவரும் அவரேதான். 2021 நவம்பர் 15-ஆம் தேதி, கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த, எலியட்டின் இதே நாடகத்தின் நியூயார்க் காட்சிகள் மீண்டும் தொடங்கியபோது அரங்கில் உட்கார்ந்து பார்த்தார். பதினோராம் நாள் காலமானார். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

ஃபர்த் 2008-லேயே இறந்துவிட்டார் என்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தால் வாதத்துக்குக் கொஞ்சம் பலம் கூடியிருக்கும். அவர் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

மூலப் பிரதி ஒரு கல்வெட்டு என்பது போலவும் அவர் எழுதியிருக்கிறார். 1970-இல் மூன்று காதலிகளும் சேர்ந்து பாபியைத் திட்டும் பாட்டில் தன்பாலீர்ப்பாளர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வசைச்சொல் இருந்தது. பிற்பாடு சோண்ட்ஹைமே அதை எடுத்துவிட்டு வேறு எதுகை போட்டுக் கொடுத்தார். பாபி இன்னும் ஆணாகவே இருந்த காலத்தில் நடந்தது இது.

2019 பிப்ரவரியில் லண்டனில் வேலை பார்க்கும் அண்ணன் மகளோடு போய் இந்த நாடகத்தைப் பார்த்தேன். மேல்மாடியில் கடைசிக்கு முந்தைய வரிசை. முழங்காலை நீட்ட இடமில்லை, இடைவேளை ஐஸ்கிரீம் விலையோ கேட்கவே வேண்டாம். ஆனால் முதல் காட்சியிலேயே என் முதுகு நிமிர்ந்துவிட்டது. சிவப்பு உடையில் ரோசலி கிரெய்க் தனியாக நிற்கிறார். சிநேகிதர்கள் எல்லோரும் ‘பாபி, பாபி’ என்று விதவிதமான ராகத்தில் கூப்பிட்டுக்கொண்டு சூழ்ந்து வருகிறார்கள். அதே மெட்டு, ஏறக்குறைய அதே சொற்கள். ஆனால் முப்பத்தைந்து வயது ஆணைச் சூழ்ந்தால் அது செல்லம். முப்பத்தைந்து வயதுப் பெண்ணைச் சூழ்ந்தால் விசாரணை. நான் முப்பத்தேழில் கல்யாணம் செய்துகொண்டவள் ஐயா. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ‘எப்போ சாப்பாடு போடப் போறே?’ என்று சிரித்துக்கொண்டே கேட்கும் அந்தக் குரல்கள் கீல்குட் அரங்கின் மேல்மாடி வரைக்கும் ஏறி வந்தன.

‘டிக் டாக்’ என்று ஒரு நடனம் உண்டு. பழைய மேடையில் அது ஒரு காதலி தனியாக ஆடும் படுக்கையறை ஆட்டம். எலியட்டின் மேடையில் அது பாபியின் கெட்ட கனவு. அவளைப் போலவே உடுத்திய பல பாபிகள், வயிறு தள்ளியவளும் பிள்ளையோடு அல்லாடுகிறவளுமாக அவளைச் சுற்றி வருகிறார்கள். கடிகார ஓசை அப்படியே இருக்க, எது ஓடுகிறது என்பது மட்டும் மாறிவிட்டது. பக்கத்தில் அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று.

விமானப் பணிப்பெண் ஏப்ரல் விஷயமும் அப்படித்தான். பாபியோடு ஓர் இரவு தங்குகிறாள், விடிந்ததும் பார்சிலோனாவுக்குப் போக எழுகிறாள், அவன் ஒப்புக்கு ‘இருந்துட்டுப் போயேன்’ என்கிறான், அவள் நிஜமாகவே இருந்துவிடுகிறாள். 1970-இல் இந்தச் சிரிப்பு ‘அசட்டு அழகி’ என்ற உருவத்தின் மேல் நின்றது. இன்று அதை அப்படியே போட்டால் பாதி அரங்கு நெளியும். ஏப்ரல் என்ற அந்தப் பணிப்பெண் ஆண்டி என்ற ஆணாக வந்தபோது அரங்கம் குலுங்கிச் சிரித்தது. ஆணை அசடாகக் காட்டினால் மட்டும் சரியா என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அன்று நானும் சிரித்தேன்.

ஜேமியாக வந்தவர் ஜொனாதன் பெய்லி. மூச்சு விடாமல் பாடவேண்டிய அந்தக் கல்யாணப் பாட்டில் என்ன புதிதாகச் சேர்ந்தது? கதை நடக்கும் நியூயார்க்கில் ஆணும் ஆணும் சட்டப்படி மணந்துகொள்ள முடிந்ததே 2011-இல்தான். அத்தனை பேர் போராடி வாங்கிய உரிமை கையில் வந்தபின் ‘எனக்கு வேண்டாமே’ என்று ஒருவன் நடுங்குவதற்கு ஏமியின் நடுக்கத்தில் இல்லாத ஒரு கனம் இருக்கிறது. பெய்லிக்கு அதற்காக லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியே விருது கிடைத்தது.

கட்டுரையாளர் இன்னொன்றையும் போட்டுக் குழப்பியிருக்கிறார். 2022-இல் நியூயார்க்கில் ‘1776’ நாடகத்தில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட தலைவர்களாக ஆண் அல்லாதவர்கள் நடித்ததை அவர் இதே பட்டியலில் சேர்க்கிறார். அங்கே அந்தத் தலைவர்களில் ஒருவரான ஜெஃபர்சன் ஜெஃபர்சனாகத்தான் இருந்தார், வேடம் கட்டியவர்தான் வேறு. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார், அதனால் நந்தனார் பெண்ணாகிவிடவில்லையே! ஆண்கள் பெண் வேடம் கட்டிய ஸ்திரீபார்ட் கண்ட நாட்டில் இதை விளக்க வேண்டியிருப்பது விசித்திரம்.

‘காபரே’ கதையோ நேர் எதிர். 1966-இல் அரங்கேறியபோது அதன் நாயகன் கிளிஃப் பெண்களை மட்டும் விரும்புகிறவன். மூலக்கதை எழுதிய கிறிஸ்டபர் இஷர்வுட் தன்பாலீர்ப்பாளர், கிளிஃப் அவருடைய நிழல். 1987-இல் மறுபடி மேடையேறியபோது கிளிஃப் இருபாலரையும் விரும்புகிறவன் ஆனான். அது மாற்றமா, மறைத்ததைத் திருப்பிக் கொடுத்ததா? 2018-இல் அமெரிக்காவின் ஆரிகன் ஷேக்ஸ்பியர் விழாவில் ‘ஓக்லஹோமா’ நாடகத்தின் காதல் ஜோடியான கர்லியும் லாரியும் இரு பெண்களானார்கள். நான் பார்க்கவில்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கித்தான் செய்தார்கள் என்பது மட்டும் தெரியும். இந்த நாடகங்களை வாடகைக்குத் தரும் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில், எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு சொல்லையோ பாத்திரத்தின் பாலினத்தையோ மாற்றக்கூடாது என்று இருக்கும். இயக்குநர்கள் இஷ்டத்துக்குக் கத்தரி போடுகிறார்கள் என்பது கற்பனை.

இவ்வளவு சொன்னதால் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். கடைசிப் பகுதியில் ஜோவான் என்ற வயதான, பணக்கார, குடிகாரச் சிநேகிதி வருகிறாள். மூலத்தில் அவள் பாபியை நேராகவே தன்னிடம் அழைக்கிறாள், உன்னை நான் கவனித்துக்கொள்கிறேன் என்கிறாள். நான் யாரைக் கவனித்துக்கொள்வது என்று அவன் வாயிலிருந்து தன்னையறியாமல் வந்துவிடுகிறது. நாடகம் முழுவதும் தொங்குவது அந்த ஆணியில்தான். எலியட்டின் மேடையில் ஜோவான் என்ன செய்கிறாள் தெரியுமா? தன் புருஷனோடு போ என்கிறாள்! பேட்டி லுபோன் அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அரங்கையே ஆட்டிவைத்தார். ஆனாலும் அந்த வசனம் வந்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவள் ஏன் தன் வீட்டுக்காரரைத் தூக்கிக் கொடுக்கிறாள்? ஜோவானுக்கே பாபியின் மேல் ஆசை என்று வைத்திருந்தால் மூலத்தின் தீ அப்படியே இருந்திருக்கும். ஆணைப் பெண்ணாக்கத் துணிந்த கை, ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லும் இடத்தில் நடுங்கிவிட்டது.

மூலத்தைச் சிதைத்த இடம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன், அதிகம் மாற்றியதற்காக அல்ல, பாதியில் நிறுத்தியதற்காக. கட்டுரையாளர் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கோபப்பட்டிருப்பேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
ஸ்ரீரங்கம்