அந்த ஆறு மாதத்தில் தை இல்லையே, அய்யா!

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் அமைப்பின் திட்டப் பிரிவு அதிகாரிகளுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. எங்கள் பாத ஆய்வுக்கு ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஆறு மாத அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள், கூடுதல் நிதி மட்டும் கிடையாது. நோ காஸ்ட் எக்ஸ்டென்ஷன். கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் இந்த ஆறு மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் பங்குனிக் கடைசியில் ஆரம்பித்துப் புரட்டாசியில் முடிகிற இந்த அவகாசத்தில் மார்கழியும் இல்லை, தையும் இல்லை. எங்கள் ஆய்வு முழுக்கத் தையை நம்பித்தான் இருக்கிறது என்பதைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தோம், அதைப் படித்துவிட்டுத்தான் ஒப்புதலும் கொடுத்தீர்கள்.

கோப்பு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நெடுந்தூரம் நடந்தால் என்ன ஆகிறது, முன்கூட்டியே பரிசோதித்துச் சொல்லிவிட்டால் புண் வருவது குறைகிறதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்குச் செட்டிநாட்டை விடப் பொருத்தமான இடம் கிடையாது. நகரத்தார் காவடியோடு, அதற்கு முன்னும் பின்னுமாக, இந்தச் சுற்றுவட்டாரமே தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறது. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று 150 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் செருப்பில்லாமல். நடக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. நேர்த்திக்கடன். அதனால் மார்கழியில் பாதத்தைப் பார்க்க வேண்டும், திரும்பி வந்ததும் ஒருமுறை பார்க்க வேண்டும், புண் இருந்தால் ஆறும்வரை சில வாரம் பின்தொடர வேண்டும். இதை வைகாசியில் செய்ய முடியாது.

மூன்று வருட ஆய்வு என்றால் எங்களுக்குக் கிடைப்பது மூன்று தை. அதில் இரண்டாவது தை முழுசாகப் போனது, எப்படிப் போனது என்பதும் உங்களுக்குத் தெரியும். முதல் வருடத்தின் செலவினச் சான்று, அதாவது யூசி, 12-ஏ படிவத்தில் ஆடிட்டர் கையெழுத்தோடு கோடையிலேயே வந்து சேர்ந்தது. அதில் ஒரு செலவுத் தலைப்பில் பைசா கணக்கு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள், சரிசெய்து அனுப்பினோம், அப்புறம் நிபுணர் குழு கூட வேண்டும் என்றீர்கள், குழு கூடுவதற்குள் தீபாவளி முடிந்து பொங்கலும் முடிந்தது. பணம் வந்தது மார்ச் மாதக் கடைசியில். 31ஆம் தேதிக்குள் செலவழிக்காதது திரும்பிப் போய்விடும் என்ற குறிப்போடு! அறுவடை முடிந்த வயலுக்கு மதகைத் திறந்துவிட்டு, தண்ணீரை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டது போலத்தான் இருந்தது அடுத்த ஆய்வுக்கூட்டத்தில் நீங்கள் எழுதிய வரி: ‘நிதிப் பயன்பாடு திருப்திகரமாக இல்லை.’

அந்த வருடம் நடக்காமல் போன பரிசோதனை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழை, அவ்வளவுதான் கருவி. படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பெருவிரல் அடியிலும் பாதத்தின் முன்மேட்டிலும் அந்த இழையை வளையும்வரை அழுத்த வேண்டும், பட்டதும் அவர் சொல்ல வேண்டும். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர், புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். முதல் வருடம் அவர் காலில் இழை வளைந்து எடுத்தும் ஆகிவிட்டது, அவர் கண்ணை மூடியபடியே “எப்பத் தம்பி வைக்கப் போறீய?” என்று கேட்டார். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூட, பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும் அவருக்கு. அந்த வருடம் எங்கள் களப்பணியாளர் பெண் ஒருத்தி அவருக்கும் அவர் மகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள்: இரவு தங்கும் இடத்தில் டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்க்க வேண்டும், விரலிடுக்கையும் விடக்கூடாது. மகள் கூடவே நடந்து தினமும் பார்த்தாள், பெரியவர் கொப்புளம்கூட இல்லாமல் திரும்பினார். அடுத்த வருடம் நாங்கள் போகவில்லை. எங்களிடம் ஆளும் இல்லை, பெட்ரோலுக்குக் காசும் இல்லை. மகளும் பிரசவத்துக்காக வீட்டிலேயே இருந்துவிட்டாள். நத்தம் தாண்டி எங்கேயோ குத்திய கண்ணாடிச் சில்லு பழனி வரைக்கும் அவர் பாதத்திலேயே இருந்திருக்கிறது. மாசியில் எங்களுக்குத் தகவல் வரும்போது இரண்டு விரலை எடுத்தாகிவிட்டது.

நாங்கள் போயிருந்தால் அந்த விரல்கள் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வே. சர்க்கரை நோயாளிகளுக்குக் காலை எடுக்க நேர்வதில் பெரும்பாலானவை இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகின்றன, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வே சொல்கிறது. அப்படியிருக்க இந்தக் கேள்விக்கு விடை வேண்டாமா?

சரி, காசில்லாத அவகாசத்துக்கு வருகிறேன். அதில் நான் என்ன செய்ய முடியும்? களப்பணியாளர்கள் ஒப்பந்த ஊழியர்கள், சம்பளத் தலைப்பில் பணம் இல்லையென்றால் மறுநாள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மேலே சொன்ன பெண் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்கு எந்த இனிஷியல் கொண்ட குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது, யார் சிங்கப்பூர் போயிருக்கிறார்கள், யாரை ஊருணிக் கரையில் காலையில் பிடிக்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. பதிவேட்டில் வெறும் ‘கண்டனூர்’ என்று இருக்கும் ஆளை அவளால்தான் கண்டுபிடிக்க முடியும். புதிதாக ஆள் எடுத்தால் விளம்பரம், நேர்காணல், பயிற்சி என்று மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையின் ரசாயனங்கள் காலாவதியாகிவிட்டன. அவகாசத்தை நீட்டினால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவும் இனாமாக நடக்கும் என்று எந்தக் கணக்கில் போட்டீர்கள்?

தாமதத்துக்கு நீட்டிப்புக் கேட்பது ஏதோ குற்றம் போலப் பார்க்கப்படுகிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியபோது அதுவும் ஐந்தாண்டுத் திட்டம்தான். காசநோயாளியைச் சானடோரியம் என்கிற தனி மருத்துவமனையில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று அங்கேதான் நிரூபித்தார்கள், 1959இல் வெளியான முடிவு உலகம் முழுக்க வைத்தியத்தை மாற்றியது. அதோடு விடவில்லை. வீட்டில் நோயாளி இருப்பதால் கூட இருப்பவர்களுக்குத் தொற்று கூடுகிறதா என்று ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள், கூடவில்லை என்று தெரிந்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. அந்தக் குடும்பங்களைப் பின்தொடரும் வேலைக்கு யாராவது நடுவில் ‘ஆறு மாதம், நிதியின்றி’ என்று ஒரு கடிதம் போட்டிருந்தால்?

எங்கள் ஊருக்கும் ஆராய்ச்சி புதிதல்ல. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். நல்லவேளை, அழகப்பரை யாரும் நிலம் ஒரு தலைப்பு, ரொக்கம் ஒரு தலைப்பு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும் என்று நிறுத்திவைக்கவில்லை. உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிற நாட்டில், ஒதுக்கிய காசும் மார்ச்சில் வந்து மார்ச்சிலேயே திரும்பிப் போகிறது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கடன் வாங்கி மெஸ் பில் கட்டுகிற பிஎச்.டி. மாணவர்களைக் கேட்டால் இதைவிட நிறையச் சொல்வார்கள். இளைஞர்கள் ஆராய்ச்சிக்கு வரவேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருதரம் அவர்கள் வங்கிப் பாஸ்புத்தகத்தைப் பார்க்கலாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவில் கோப்பை நகர்த்த உண்மையாகவே பாடுபடுகிறவர்கள் இருக்கிறார்கள், போனை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

கேட்பது இதுதான். அவகாசத்தை ஆறு மாதமாக இல்லாமல் பன்னிரண்டு மாதமாக, அடுத்த மார்ச் 31 வரை கொடுங்கள், அதற்குள் ஒரு தை முழுசாக வந்துவிடும். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குக் களப்பணியாளர் சம்பளம், பயணம், பரிசோதனைப் பொருட்கள் ஆகிய மூன்றுக்கு மட்டும் நிதி கொடுங்கள். புதுக் கருவி எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போன இரண்டாம் வருடப் பணத்துக்குள்ளேயே இது அடங்கிவிடும், வரவு செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். பணம் கார்த்திகைக்குள் கணக்கில் ஏற வேண்டும், ஏனென்றால் மாலை போட்டவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். நிபுணர் குழு கூடும்வரை இதை வைத்திருக்க வேண்டாம். அவசர நேர்வாக எடுத்துக்கொண்டு, ஆணையை ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள், அசல் தபாலில் மெதுவாக வரட்டும்.

யூசி பிரதியையும் மறுபடி இணைத்திருக்கிறேன். பைசா வரைக்கும் ஒத்துவருகிறது.

தங்கள் உண்மையுள்ள,
பாத ஆய்வின் முதன்மை ஆய்வாளர்,
காரைக்குடி