ஆச்சிக்கு ஒரு கடிதம்: ஹெர்ன்டனில் நடக்க ஒரு பாதை இருக்கிறது

அன்புள்ள ஆச்சிக்கு,

தம்பி எழுதுகிறேன். விசா வந்துவிட்டது, சித்திரையில் புறப்படுகிறீர்கள் என்று கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் போனில் கடைசியாக ஒன்று சொன்னீர்களே, "ஆறு மாசம் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கணுமேப்பா" என்று, அதைக் கேட்டபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற பெரியவர்கள் பலரும் இதே கவலையோடுதான் விமானம் ஏறுகிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எல்லாரும் படிக்கும்படி இங்கே போடுகிறேன்.

அமெரிக்காவில் கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குக் கால் இல்லாத மாதிரிதான். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் கடைக்குப் போகக்கூட வழி இருக்காது. பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. ஆனால் ஆச்சி, உங்கள் மகன் வீடு வாங்கியிருப்பது ஹெர்ன்டனில். வர்ஜீனியாவில் எத்தனையோ ஊர் இருக்க, அந்த ஊர் வழியாக ஒரு பழைய ரயில் தடம் போகிறது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, நடக்கிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் விட்டுவிட்டார்கள். கார், லாரி, மோட்டார் சைக்கிள் எதுவும் அதில் வரக்கூடாது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னைத் தெம்பாக வைத்திருந்தது அந்தப் பாதைதான்.

வாஷிங்டன் அண்ட் ஓல்டு டொமினியன் என்பது அந்த ரயில் கம்பெனியின் பெயர். 1968இல் ரயில் நின்றது. 1974இல் ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் சின்னதாக ஒரு துண்டுப் பாதை போட்டுப் பார்த்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போய், கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி 1988இல் பர்செல்வில் என்ற ஊர் வரை கொண்டுபோய்விட்டார்கள். மொத்தம் 72 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து மானாமதுரைக்கு ரயிலில் போகிற தூரத்தைவிட அதிகம். தடத்தின் முழு அகலம் 100 அடி, நடுவில் தார் போட்டது ஏறத்தாழ 10 அடி. மற்றதெல்லாம் புல்லும் மரமும்தான். ஹெர்ன்டனில் 1857இல் கட்டிய ஸ்டேஷன் இன்னும் இருக்கிறது, உள்ளே சின்ன அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த பழைய ரயில் பெட்டி ஒன்று, கடைசியில் கார்டு உட்கார்ந்து வருகிற பெட்டி, நிற்கும். பேரனைக் கூட்டிப் போனால் அங்கேயே நின்றுவிடுவான்.

முழங்காலை நினைத்துப் பயப்பட வேண்டாம். ரயில் போன வழி என்றாலே மேடு பள்ளம் குறைவு என்று அர்த்தம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு கம்மி, அதனால் செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது. மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண்ணைக் கொட்டி, நூறு அடி போனால் ஓரிரு அடி உயர்கிற மாதிரி தடம் போடுவார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எஞ்சினுக்காகச் செய்த அந்த வேலை இன்றைக்கு நம் முழங்காலுக்கு உதவுகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளி வருகிறவர்களையும் அங்கே நிறையப் பார்க்கலாம்.

சரி, நடக்கும்போது தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதல் விஷயம் பக்கம். நமக்கு இடது பழக்கம், அங்கே வலது. எப்போதும் பாதையின் வலது ஓரமாகவே நடங்கள். பின்னால் வருகிற சைக்கிள்காரர் உங்களுக்கு இடது பக்கமாகத் தாண்டிப் போவார். தாண்டுவதற்கு முன் மணி அடிப்பார், இல்லை "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுப்பார். "நான் உன் இடது பக்கமாக வருகிறேன், நீ இருக்கிற இடத்திலேயே இரு" என்று அதற்கு அர்த்தம். நம் ஆட்கள் பலர் லெஃப்ட் என்று காதில் விழுந்ததும் இடது பக்கம் ஒதுங்குகிறார்கள். அது நேரே சைக்கிளுக்குக் குறுக்கே போய் நிற்பது. தலையைக்கூடத் திருப்ப வேண்டாம், திரும்பினால் காலும் அந்தப் பக்கம் போகும். வலது கையை லேசாகத் தூக்கிக் காட்டினால் போதும், கேட்டுவிட்டது என்று அவர் புரிந்துகொள்வார். பேரனோடு போனால் அவனை உங்கள் வலது கையில் பிடியுங்கள்.

நாலு பேர் சேர்ந்தால் பேசிக்கொண்டே வரிசையாக அடைத்துக்கொண்டு நடப்பது நம் வழக்கம். அங்கே இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நடக்கக்கூடாது, கூட்டம் இருந்தால் ஒருவர் பின் ஒருவர்தான். தமிழ் முகம் ஏதாவது தென்பட்டு நின்று பேச ஆசை வந்தால் (கட்டாயம் தென்படும், அந்தப் பக்கம் நம்மவர்கள் அதிகம்) தாரை விட்டுப் புல்லில் இறங்கி நின்று பேசுங்கள். சைக்கிள்காரர்கள் நடக்கிறவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் விதி, பெரும்பாலோர் மரியாதையாகவே போகிறார்கள். ஆனால் காலையில் அலுவலகம் போகிற நேரத்திலும் சனி, ஞாயிறு முற்பகலிலும் வேகமாக வருவார்கள், பேட்டரி சைக்கிளும் அதில் சேர்ந்துகொள்ளும். வார நாளில் ஒன்பதரைக்கு மேல் போனால் பாதை உங்களுக்கே.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது ஒரே இடத்தைப் பற்றித்தான், பாதை ரோட்டைக் கடக்கிற இடம். பெரிய நெடுஞ்சாலைகளுக்கு மேலே பாலம் போட்டிருக்கிறார்கள், அங்கே பிரச்சினை இல்லை. சின்ன ரோடுகளை நேராகக் கடக்க வேண்டும். சில இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் மஞ்சள் விளக்கு மின்னும். விளக்கு மின்னினாலும் கார் நிற்கும் என்று நம்பிக் காலை வைக்காதீர்கள். அதைவிட முக்கியம், ஒரே திசையில் இரண்டு வரிசை இருக்கிற ரோட்டில் முதல் வரிசைக் கார் உங்களுக்காக நின்றுவிடும், கையைக் காட்டிப் போகவும் சொல்வார்கள். அந்தக் காரே பக்கத்து வரிசைக்காரர் கண்ணிலிருந்து உங்களை மறைத்துவிடும். நின்ற காரின் முனை வரை போய் நின்று, அடுத்த வரிசையையும் பார்த்துவிட்டுத்தான் மீதியைக் கடக்க வேண்டும். வெறுமனே கேட்டால் மனதில் நிற்காது. முதல் ஞாயிற்றுக்கிழமை மகனை உடன் கூட்டிப் போய், வீட்டிலிருந்து பாதைக்குப் போகிற வழியையும் இரண்டு பக்கமும் உள்ள கடவைகளையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

பாதை ஓரத்தில் அரை மைலுக்கு ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். பாதை தொடங்குகிற ஷர்லிங்டனில் பூஜ்யம், ஹெர்ன்டன் ஸ்டேஷன் பக்கம் வரும்போது இருபது. தாண்டுகிற ஒவ்வொரு கம்பத்தின் எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டே நடங்கள். தலை சுற்றினாலோ தடுக்கி விழுந்தாலோ மகனுக்கும் 911 என்ற அவசர உதவி எண்ணுக்கும் தெரு பெயர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த எண்ணைச் சொன்னால் போதும். திரும்புகிற கணக்குக்கும் அதுதான் வசதி. இரண்டு கம்பம் போனால் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல், திரும்பி வந்தால் மூன்று கிலோமீட்டர். முதல் வாரம் அதற்கு மேல் வேண்டாம்.

சேலையோடு நடக்கலாம், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. கொசுவத்தைக் கணுக்கால் தெரிகிற மாதிரி கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போட்டே ஆக வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். தடம் நெடுக மேலே மின்கம்பிகள் போவதால் பல இடங்களில் மரத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஜூலையில் பதினொரு மணிக்கு மேல் நம் ஊர் வெயிலுக்குக் குறையாது. உயரமான புல்லுக்குள் இறங்காதீர்கள், அதில் இருக்கிற உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். மூன்று மூன்றாக இலை விட்டிருக்கும் பாய்சன் ஐவி என்ற செடியைத் தொட்டால் தோல் தடித்துவிடும். அக்டோபரில் மரமெல்லாம் நிறம் மாறுவதைப் பார்க்கக் கண் கொள்ளாது, ஆனால் நனைந்த இலை தாரில் கிடந்தால் வழுக்கும். விடிந்தபின் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள்.

இவ்வளவையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றும் தோன்றுகிறது. தைப்பூசத்துக்குத் தேவகோட்டையிலிருந்து காவடியோடு குன்றக்குடி வந்து, அங்கிருந்து பழநி வரை நடந்தவர் நீங்கள். நடையில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அந்த யாத்திரையில் காலில் கொப்புளம் வந்ததைப் பற்றி நீங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பின்னாலிருந்து வருகிற பஸ்ஸையும் லாரியையும் பற்றித்தான் சொல்வீர்கள், இருட்டில் ஒளிரும் பட்டையை முதுகில் ஒட்டிக்கொண்டு ரோட்டு ஓரத்தில் உயிரைக் கையில் பிடித்து நடந்ததைப் பற்றி. எனக்கு அங்கே நடக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வந்தது. காலால் நடக்கிறவர்களுக்கென்று பயமில்லாத ஒரு வழியை ஒரு சமூகம் ஒதுக்கித் தர முடியும் என்றால், இத்தனை ஜனம் நடக்கிற நம் சீமையில் அது ஏன் இல்லை?

நான் நம் ரயிலை எடுத்துவிட்டுப் பாதை போடச் சொல்லவில்லை. திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல் என்று போகிற தடம் மீட்டர் கேஜாக இருந்து அகலப்பாதையானது, அதில் ரயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே 1983இல் போட்ட ஒரு சட்டப்படி, மூடின தடத்தைப் பாதையாக வைத்திருந்து பிற்பாடு ரயிலுக்கே திருப்பித் தரவும் வழி வைத்திருக்கிறார்கள். தடம் துண்டு துண்டாகக் கைமாறிப் போகாமல் இருப்பதுதான் அதில் பெரிய லாபம். 1980களில் நின்றுபோன நம் பேரளம்–காரைக்கால் தடத்தில் மறுபடி தண்டவாளம் போட முடிந்திருக்கிறதே, அது மாதிரி.

நான் கேட்பது கண்மாய்க் கரை. நம் ஊர்க் கண்மாய்க் கரைகள் நல்ல உயரம், ஏற்ற இறக்கம் இல்லாத தரை, பனை நிற்கிறது, தண்ணீர்க் காற்று வருகிறது. கருவேல முள்ளை வெட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். தார்கூட வேண்டாம் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் இந்த வகைப் பாதைகளில் முன்னோடி என்று சொல்லப்படும் விஸ்கான்சினின் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை 1960களிலிருந்து இருக்கிறது, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், நொறுக்கிய சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி இறுக்கியதுதான். நமக்குக் கிராவல் பக்கத்திலேயே கிடைக்கிறது. கரையின் பலம் கெடாமல் எப்படிப் போடுவது என்பதைப் நீர்வளத் துறைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், தண்ணீருக்கு அடுத்துத்தான் நடை.

யார் கேட்பது என்று சோர்ந்துவிட வேண்டாம். 1963இல் சிகாகோ பக்கத்தில் மே வாட்ஸ் என்ற அம்மா, எழுபதை எட்டிய தாவர ஆசிரியர், ரயில் நின்றுபோன ஒரு தடத்தை நடைபாதையாக்கச் சொல்லி சிகாகோ டிரிபியூன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இல்லினாய் பிரெய்ரி பாதை அந்தக் கடிதத்திலிருந்துதான் வந்தது. நீங்களும் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்றவர். நம் ஊரில் உங்கள் சொல்லுக்கு இருக்கிற மரியாதை என் சொல்லுக்கு இல்லை.

அதனால் ஒரு வேலை தருகிறேன். அங்கே நடக்கும்போது ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள்: உட்கார பெஞ்சு எவ்வளவு தூரத்துக்கு ஒன்று, கார் உள்ளே நுழையாமல் வாசலில் எப்படிக் கட்டை நட்டிருக்கிறார்கள், இரண்டு கட்டைக்கு நடுவே சக்கர நாற்காலி போக எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது. டேப் உங்கள் மகனிடம் இருக்கும். ஐப்பசியில் நீங்கள் வந்ததும் மனுவை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
தம்பி
காரைக்குடி