ஜன்னலைத் திறந்தால் நூல் அறுந்துவிடும், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பஞ்சாலைத் தூசியைப் பற்றி வந்த கட்டுரையில், ‘ஜன்னல்களைத் திறந்து வைத்து, சுவரில் இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதும்’ என்று ஒரு வரி. எழுதியவர் மில்லுக்குப் போய்ப் பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன். கேட் வரைக்குமாவது.

நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். காற்றில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் வாக்கில் நிற்க வேண்டும். குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். எங்கள் மில்லில் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தே விட்டார்கள். கோவையில் பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இது தெரியாததல்ல.

அப்புறம் அந்த ஃபேன். விளக்கை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைத்துப் பாருங்கள்! உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து அதன் விட்டம் அளவு தள்ளிப் போனாலே இழுவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் மெஷினில் தூசி கிளம்பும் இடத்திலேயே மூடி போட்டு இழுத்தால்தான் உண்டு. சுவர் ஃபேன் அதை ஆளின் மூக்கு வழியாக அல்லவா கூட்டிக்கொண்டு போகும்? உறிஞ்சு கருவி வைப்பதானால் தூசி பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் வைக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவிலேயே எழுதிவைத்தார்கள்.

நான் 26 வருடம் கார்டிங் ஃபிட்டர். எங்கள் மில்லிலும் தூசியை உறிஞ்சும் டக்ட் இருந்தது. கரண்ட் மிச்சமாகும் என்று ராத்திரி ஷிப்டில் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மட்டும் ஜோராக ஓடும். மற்றபடி தூசிக்கு மருந்தென்று எங்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம். வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, பஞ்சு நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்குமோ, கொடுத்தவருக்கே வெளிச்சம். ஷிப்ட் முடிவில் ஏர் ஹோஸ் பிடித்து மெஷினை ஊதச் சொல்வார்கள். படிந்த தூசியெல்லாம் மறுபடி மேலே.

வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற அன்றுதான் நெஞ்சு இறுகும். போகப்போகக் குறையும், அடுத்த வாரம் திரும்ப வரும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிஸினோசிஸ் தொடங்குவதே அப்படித்தான். டாக்டரிடம் சொன்னால், ‘பீடி குடிப்பீங்களா?’ என்றார். நான் வெற்றிலைகூடப் போட்டதில்லை. அதே சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், தொழில் நோய்களின் பட்டியலில், இந்த நோயின் பெயர் இருந்தது. என் சீட்டில் ‘ஆஸ்துமா’ என்றுதான் இருக்கிறது.

இதையெல்லாம் மூன்று வருடம் முன்பே தங்களுக்கு எழுதினேன். நாலு வரியாக வெட்டி, கீழே சமையல் குறிப்பு போட்டீர்கள். சரி, ரவா தோசையும் முக்கியம்தான்.

இப்போது கேட்பது, அந்த ஜன்னல் வரிக்கு ஒரு திருத்தம். கூடவே, படத்துக்குக் கீழே ‘கார்டனிங் பிரிவு’ என்று அச்சாகியிருக்கிறது. அது கார்டிங். அங்கே பூச்செடி கிடையாது. இரண்டும் சேர்த்து மூன்று வரிதான் ஆகும். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள், பழக்கம்தானே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.