ஏழு நாளைக்குள் ஒரு போன்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் என் தம்பி தற்கொலைக்கு முயன்று, ஓர் அரசு மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தான். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஓடியாடிய நர்சுகளையும் பயிற்சி டாக்டர்களையும் மறக்க மாட்டேன். அவன் எதனால் அப்படிச் செய்தான் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அது ஒன்றைத்தான் கேட்டார்கள்.

நான் சொல்ல வந்தது டிஸ்சார்ஜ் சீட்டைப் பற்றி. வயிற்றுக்கு ஒரு மாத்திரை, காலையில் சாப்பாட்டுக்கு முன். சத்து மாத்திரை ஒன்று, இரவில். ஒரு வாரம் கழித்துப் பொது மருத்துவ ஓ.பி.யில் காட்டவும். அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் காலி. "மனநல டாக்டர் யாரும் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன். "அவங்க நேத்துதான் வந்துட்டுப் போனாங்கம்மா, இனி அடுத்த வாரம்தான். பெட் வேணும், கூட்டிட்டுப் போங்க" என்றார் அங்கிருந்தவர். அவரையும் குறை சொல்ல முடியாது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

அந்த ஆறு நாளில் தம்பியிடம் உட்கார்ந்து பேசிய ஒரே அரசு ஊழியர், நோட்டோடு வந்த ஏட்டு. போலீசுக்குத் தகவல் போகும் எம்.எல்.சி. கேஸ் ஆயிற்றே. வார்டே காது கொடுத்துக் கேட்க, "ஏன்பா இப்படிப் பண்ணினே?" என்றார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வயித்து வலின்னு எழுதிக்கலாம்மா, உங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்றார். நல்ல மனுஷர். 'தீராத வயிற்று வலி' என்று பேப்பரில் படித்து வளர்ந்தவள்தான் நானும். அன்றைக்கு அதற்குக் கீழே நானே கையெழுத்துப் போட்டேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்ற முதல் பாதியை எல்லோரும் பேசுகிறார்கள். அது மறுபடி நடக்காமலிருக்கச் சிகிச்சையும் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது மறுபாதி. 2018 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. எங்கள் சீட்டில் அந்தக் கடமை எந்த வரியில் இருக்கிறது? வயிற்று மாத்திரையிலா?

நான் கேட்பது ஒன்றுதான். பிழைத்து வீடு திரும்பியவருக்கு ஏழு நாளைக்குள் உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்ய வேண்டும். அப்புறமும் சில மாதம் விடாமல் விசாரிக்க வேண்டும்.

மனநல உதவிக்கு 14416 இருக்கிறதே, மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறதே என்பீர்கள். நல்லதுதான், இரண்டையும் அவன் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். ஆனால் குடிக்கத் தண்ணீர் கூடக் கேட்டு வாங்காதவன், எண்ணை அழுத்தி முன்பின் தெரியாதவரிடம் பேசுவானா? நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

அம்மாவுக்கு பிரஷர் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் ஓர் அக்கா மாத்திரையோடு வீட்டுக்கே வருவார். தம்பி திரும்பி வந்த நாலாம் நாளும் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் இவ்வளவு ஏறியிருக்கு, ஏதாவது யோசனையா?" என்றார். அம்மா வாயைத் திறக்கவில்லை. பத்தடி தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால் அவன். அந்த அக்காவின் நோட்டில் அவன் பெயர் இல்லை. யார் எழுதிக் கொடுத்தார்கள், இருப்பதற்கு?

இப்படிக் கூப்பிட்டு விசாரிப்பதால் பலன் உண்டா என்று நம் சென்னையிலேயே பார்த்தாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரை வைத்து நடத்திய ஆய்வில் சென்னையும் ஓர் இடம். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பும். முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், அடுத்ததில் 0.2 சதவீதம். இது வெளிவந்தது 2008இல். ஆள் இல்லை என்றும் சொல்லாதீர்கள். 2021இல் நீட் எழுதிய பிள்ளைகளை 104 வழியாகக் கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்தது நீங்கள்தானே?

2022இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஏற்கெனவே முயன்றவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களைத் தேடி அலையவும் வேண்டாம், உங்கள் வார்டில் உங்கள் கட்டிலில்தான் படுத்திருந்தார்கள். தடுப்பூசித் தேதி தவறினால் செவிலியர் வீடு தேடி வருகிறார். வீட்டு வரி பாக்கி என்றால் நினைவுபடுத்த நோட்டீஸ் வருகிறது. செப்டம்பர் 10, தற்கொலைத் தடுப்பு நாள் வந்தால் உறுதிமொழி, பேரணி, வெயிலில் பதாகை பிடிக்க நர்சிங் மாணவிகள். பதாகையில் 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்று இருக்கும். யாரிடம் என்று கேட்டால் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள்.

மன்னிக்கவும், வார்த்தை கொஞ்சம் முன்னே போய்விட்டது. பணிவாகவே கேட்கிறேன்: ஏழு நாளைக்குள் ஒரு போன். டிஸ்சார்ஜ் சீட்டில் அதற்கு ஒரு வரி.

அட்மிஷன் போட்டபோது கொடுத்தது என் நம்பர்தான். கடை வேலை, ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் நல்லது. பகலில் வந்தாலும் முதலாளியிடம் சொல்லிவிட்டு எடுத்துவிடுவேன். வீட்டுக்குப் போய் அவன் கையில் கொடுக்கப் பதினைந்து நிமிடம் ஆகும், அதுவரை லைனில் இருங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா