சங்கு ஊதினால் நாங்கள் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய ஆலைகளின் ஆண்டறிக்கைகளில் சுற்றுச்சூழலுக்கும் பாதுகாப்புக்கும் இப்போது பல பக்கங்கள் ஒதுக்குகிறார்கள். பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்கு, அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2022-23 முதல் இதைக் கட்டாயமாக்கியது. வரவேற்கிறேன். ஆனால் அதைப் படிப்பவர் முதலீட்டாளர். ஆலை மதிலை ஒட்டிக் குடியிருப்பவர் கைக்கு அது வருவதில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தை நினைத்துப் பாருங்கள். கப்பலில் வரும் அமோனியாவை இறக்குவதற்காகக் கடலடிக் குழாயைக் குளிர்வித்துக்கொண்டிருந்தபோது கசிவு ஏற்பட்டது. கண் எரிந்து, மூச்சு முட்டி விழித்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். எந்தப் பக்கம் ஓடுவது?

இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலையில் ஓர் ஆலையிலிருந்து கசிந்து பரவிய ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் வேறு வகை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடங்களில் தங்கும். பக்கத்து ஆலையில் இருப்பது எந்த வேதிப்பொருள் என்றே தெரியாதவர், எப்படித் தப்புவது என்று எங்கே கற்றுக்கொள்வார்? அந்த விசாகப்பட்டின ஆலையில் 36 இடங்களிலிருந்து சைரனை ஒலிக்கச் செய்யும் வசதி இருந்தும் அது ஒலிக்கவில்லை. 12 பேர் இறந்தார்கள். 1984இல் போபாலிலும் ஊருக்கான சைரனைச் சிறிது நேரம் ஒலிக்கவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

சட்டத்தில் குறையில்லை. அபாயகரமான வேதிப்பொருள்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, விபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று சுற்றிலும் வசிப்போருக்கு ஆலை சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வெளியே செயல்படுத்தும் அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும்.

நான் 24 ஆண்டுகள் ஒரு பெரிய ரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். எங்கள் ஒத்திகைகள் எல்லாம் பகல் 11 மணிக்குத்தான் நடக்கும், அதுவும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு. தீயணைப்பு வண்டி வரும், ஆம்புலன்ஸ் வரும், தொழிலாளர்கள் கூடுமிடத்தில் வரிசையாக நிற்பார்கள், பதிவேட்டில் கையெழுத்தாகும். ஒரு முறை ஒத்திகை முடிந்து வெளியே வந்தேன். வாசலில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மா கேட்டார்: “சங்கு ஊதினால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” எனக்குப் பதில் தெரியும். அத்தனை ஆண்டுகள் தினமும் அவரைப் பார்த்தும் அதை அவரிடம் சொல்லாமல் இருந்தேன். அந்தக் குற்றவுணர்வு இன்றும் என்னை விடவில்லை.

விபத்து பகல் 11 மணிக்காகக் காத்திருப்பதில்லை. நான் குறிப்பிட்ட மூன்றுமே ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தவை. ஆகவே மாவட்ட ஆட்சியரும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் வடசென்னையில் ஒத்திகை ஒன்றையாவது இரவில், குடியிருப்பு மக்களோடு சேர்ந்து நடத்த வேண்டும். ஒவ்வொரு ஆலை வாசலிலும், பக்கத்துப் பள்ளிகளிலும், ரேஷன் கடைகளிலும், உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயர், சங்கு எத்தனை முறை ஊதினால் என்ன பொருள், எந்த வழியாக வெளியேறுவது ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு பலகையும் கொஞ்சம் பெயின்டும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாதுகாப்பு அலுவலர்,
திருவொற்றியூர்.